பல்செட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போகாதீர்கள்

போன மாதம்தான் என் பல்செட் ஒருவழியாக வாயில் நின்றது. ஆரம்பித்தது போன தீபாவளிக்கு முன்னால். நடுவில் மூன்று பயணங்கள் சுத்தமாக வீண். அதில் இரண்டு என் முட்டாள்தனம், ஒன்று கிளினிக் கவுண்டர்காரர் புண்ணியம்.

நான் இருப்பது மலேசியாவில், ஈப்போவுக்கு அருகே சுங்கை சிப்புட் பக்கம். அந்த நாளில் ரப்பர் தோட்டம், இப்போது எல்லாம் செம்பனை. எனக்கு வயது 66. முதலில் பால் வெட்டினேன், அப்புறம் லோரி ஓட்டினேன். மேல்வரிசை எப்போதோ போய்விட்டது, கீழே முன்பக்கம் ஏழு பல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பாதியை வெற்றிலை தின்றது, மீதியைச் சர்க்கரை வியாதி தின்றது.

ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் மகள் விசாரித்தாள். இரண்டு வரிசைக்கும் சேர்த்து 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் சொன்னார்கள். கோப்பிக் கடையில் ஒருவர், "அண்ணே, வீட்டுக்கே வந்து அச்செடுத்து ஒரே வாரத்துல கொடுத்துடுவாங்க, 500 வெள்ளிதான்" என்றார். நானும் சரி என்று சொல்லவே போனேன். மகள் பிடித்துக்கொண்டாள். பதிவு இல்லாமல் பல் வேலை செய்தால் 2018 பல் மருத்துவச் சட்டப்படி 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறு வருடம் வரை ஜெயில். "ஜெயிலுக்கு அவர் போவார். வாய் புண்ணாகிப்போனா யார்கிட்ட போய் கேப்பீங்கப்பா?" என்றாள். அடுத்த ஊர் அரசாங்கக் கிளினிக்கில் பெயர் கொடுத்தேன். செலவு ரொம்பக் குறைவு, காத்திருப்புதான் அதிகம்.

முதல் வீண் பயணம் பல் பிடுங்கப் போன அன்று. விடியற்காலையிலேயே பஸ் ஏறி, நம்பர் எடுத்து, பத்து மணிக்கு உள்ளே போனால், "சர்க்கரைப் புத்தகம் எங்கே? என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், பெயர் தெரியாது. "சின்னதா, வெள்ளையா இருக்கும்" என்றேன். அதை வைத்துக்கொண்டு ஏழு பல்லைப் பிடுங்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். நியாயம்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் புத்தகத்தோடு மாத்திரை அட்டைகளையும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிடுங்கப் போகிறார்களே என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

அடுத்த முறை போனபோது இரண்டு தடவையாகப் பிடுங்கி முடித்துவிட்டார்கள். ஈறு ஆறி வற்ற வேண்டும், அவசரப்பட்டு அச்செடுத்தால் செட் சீக்கிரமே தொளதொளத்துவிடும் என்று, என்னை மூன்று மாதம் இருக்கச் சொன்னார்கள். கஞ்சி, இட்லி, பருப்புக் கறியில் ஊறிய ரொட்டி சானாய் என்று காலம் ஓடியது.

அச்செடுக்கும் மாவு தொண்டைப் பக்கம் வழிந்தபோது குமட்டல் வந்தது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு தலையை முன்னால் குனியச் சொன்னார் டாக்டர். பரவாயில்லை. ஒரு தடவையோடு முடியவில்லை. முதல் அச்சை வைத்து என் வாய்க்கென்றே ஒரு தட்டு செய்து, அதில் இரண்டாவது அச்சு எடுத்தார்கள். கஷ்டமாக இருந்தது மெழுகு கடிக்கும் நாள். பல்லுக்குப் பதிலாக மெழுகில் ஒரு மதில் மாதிரி கட்டி வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். பல் இல்லாமல் மாதக்கணக்கில் மென்ற பழக்கத்தில் என் தாடை தானாக முன்னால் போய்க்கொண்டே இருந்தது. "இயல்பா கடிங்க அங்கிள்" என்று நாலு தடவை சொல்லிவிட்டார். அங்கே இருந்த தமிழ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ்தான், "நாக்கு நுனிய மடிச்சு மேலண்ணத்துல பின்னால தொட்டுக்கிட்டு கடிங்கய்யா" என்றார். தாடை டக்கென்று இடத்துக்கு வந்துவிட்டது.

மெழுகில் பல் பதித்துப் பார்க்கும் நாள்தான் இரண்டாவது வீண் பயணம். பல் லேப்பிலிருந்து வரவே இல்லை. ஒரு போன் அடித்திருக்கலாமே என்றேன். "நம்பர் இல்லை" என்றார் கவுண்டர்காரர், தலையை நிமிர்த்தாமல். கார்டைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் மகள் கையெழுத்தில் நம்பர் பெரிதாக இருந்தது. "ஓ" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு தேதிக்கும் முதல் நாளே நான் போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

மறுமுறை மனைவியையும் கூட்டிப் போனேன், கல்யாணப் படத்தோடு. எனக்கு நல்ல வெள்ளைப் பல் வேண்டும் என்று ஆசை. "இந்த வயசுக்கு அது வேணாங்க, பீங்கான் தட்டு மாதிரி தெரியும்" என்று தடுத்துவிட்டாள். படத்தில் என் முன்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதையும் அப்படியே சாய்த்து வைக்கச் சொன்னாள். டாக்டர் சிரித்துக்கொண்டே மெழுகைச் சூடாக்கித் திருப்பி வைத்தார். நிறம், நீளம், சாய்வு எதுவானாலும் அந்த நாளிலேயே சொல்லிவிடுங்கள். மெழுகு போய்ப் பிளாஸ்டிக் வந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

செட் கைக்கு வந்த அன்று வாய்க்குள் சோப்புப் பெட்டியை வைத்த மாதிரி இருந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அதே கவுண்டர்காரர் எந்த ஊர் என்று கேட்டார். "ஷுங்கை ஷிப்புட்" என்றேன். "சுங்கை சுமுனா?" என்றார். அது எங்கோ பாகான் டத்தோ பக்கம். மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

மூன்றாம் நாள் கீழ்வரிசை இடது பக்கம் ஊசி குத்துவது போல் வலித்தது. கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு நாலு நாள் நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் நாள் சும்மா இருக்க முடியவில்லை. பால் வெட்டிய காலத்தில் கத்தி தீட்டிய கல் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் விளிம்பை நாலு இழு இழுத்தேன். செட்டை டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனேன்.

இதுதான் மூன்றாவது வீண் பயணம். டாக்டர் வாயைப் பார்த்தார். நாலு நாள் சும்மா விட்டதில் புண் ஆறிப்போயிருந்தது. "எங்க அழுத்துதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது அங்கிள்? வலிச்சாலும் வர்றதுக்கு முன்னால ஒரு நாளாவது போட்டிருந்துட்டு வாங்க" என்றார். செட்டைத் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறியது. "இதை யார் தேய்ச்சது?" என்று கேட்டார். நான் பேரன் மேல் பழி போடலாமா என்று யோசித்தேன். மிஸ்ஸி ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் தேய்த்தது வலிக்கிற இடமே இல்லையாம், செட்டைப் பிடித்து நிறுத்தும் விளிம்பாம். அது லேப்புக்குத் திரும்பிப் போய்ச் சரியாகி வர மூன்று வாரம் ஆனது.

அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது புதுப் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு நாள் வலியோடு போட்டிருந்துவிட்டுப் போனேன். ஈறில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. செட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு பசையைத் தடவி வாயில் வைத்து எடுத்தார். ஓர் இடத்தில் மட்டும் பசை விலகி ரோஸ் நிறப் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது, ஒரு பச்சைப்பயறு அளவுதான். அந்த இடத்தை மட்டும் சின்ன மெஷினால் ராவினார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வலி போய்விட்டது. இதற்காகவா கல்லை எடுத்தேன் என்று இருந்தது.

மேல்வரிசை அண்ணத்தில் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்கிறது. கீழ்வரிசை அந்த மாதிரி ஒட்டாது. நாக்கும் கன்னமும்தான் அதைப் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும். சின்னத் துண்டாக எடுத்து இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லுங்கள், ஒரே பக்கமாக மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். சூட்டில் கவனம். அண்ணம் மூடியிருப்பதால் தேத்தாரே, அதாவது இழுத்து ஆற்றிய பால் டீயின் சூடு வாயில் தெரியாது. நான் ஒரு மடக்கு குடித்துத் தொண்டையில்தான் தெரிந்துகொண்டேன். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் பட்டால் வளைந்துவிடும். பற்பசை வேண்டாம், அது கீறும். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். என் செட் இரண்டு தடவை அதில்தான் விழுந்தது. கடையில் சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைக்கவே வைக்காதீர்கள், மேசை துடைக்கிற பையன் குப்பையோடு சேர்த்து அள்ளிப் போய்விடுவான்.

பேச்சுக்காகத் தினமும் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசித்தேன். பசியாற உட்கார்ந்தால் மனைவிக்கு முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஓசியில் செய்தி. "சரியா வரல, திரும்பச் சொல்லுங்க" என்பாள்.

போன மாதம் கடைசிச் சோதனைக்குப் போனேன். கவுண்டர்காரர் வழக்கம்போல் குனிந்தபடியே எந்த ஊர் என்று கேட்டார். அடையாள அட்டையை எடுக்காமல், "சுங்கை சிப்புட்" என்றேன். அவர் நிமிராமலே எழுதிக்கொண்டார்.