சீவாளியோரம் கசிந்த காற்று

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பினாங்கில் ஒரு கோவிலில் நாதஸ்வரம் வாசிக்கிறார். 'பெல்ஸ் பால்சி', அதாவது திடீரென வரும் ஒருபக்க முகவாதம், என்று எழுதிய கிளினிக் கடிதத்தை ஒரு கையால் நீட்டிக்கொண்டே, இன்னொரு கையிலிருந்த கைக்குட்டையால் வாயோரத்தைத் துடைத்தார். இடப்பக்க முகம் இறங்கிப் போயிருந்தது.

"காத்து பட்டிருக்கும்ங்கறாங்க தங்கச்சி. பஸ்ல ஏர்கோன் நேரா மூஞ்சியிலயே அடிச்சுச்சு."

16 வருடமாக ஜார்ஜ் டவுனில் பிசியோதெரபி பார்க்கிறேன். இந்த ஏர்கோன் கதையைக் கேட்காத மாதமில்லை. சீனர், மலாய்க்காரர், நம்மவர், யார் வந்தாலும் முதல் குற்றவாளி காற்றுதான். பக்கவாதத்துக்கு மலாயில் பெயரே 'அங்கின் அஹ்மார்', சிவப்புக் காற்று. வாய் கோணியதும் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். வருகிறவர்களுக்குப் பாதி உயிர் அதிலேயே போயிருக்கும்.

"புருவத்தைத் தூக்குங்கண்ணே."

நெற்றியில் பூசியிருந்த திருநீற்றுப் பட்டை மூன்றும் வலப்பக்கம் நெளிந்து மடிந்தன. இடப்பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி அப்படியே கிடந்தன. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வருவதால் பக்கவாதத்தில் பெரும்பாலும் அது தப்பிவிடும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால் கோளாறு முக நரம்பில். காதை ஒட்டிய எலும்புக்குள் குறுகலான ஒரு குழாய் வழியாக அந்த நரம்பு வெளியே வருகிறது. வீங்கினால் விரிய இடமில்லாமல் நெரிபடும். பெல்ஸ் பால்சியில் வீக்கத்துக்குக் காரணமாக அதிகம் சந்தேகிக்கப்படுவது, உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ்.

கடிதத்தில் இல்லாத ஒன்றை அவரே சொன்னார். "காது வேற குத்துது."

டார்ச் அடித்தேன். காது மடலின் குழியில் கடுகளவில் நாலைந்து கொப்புளங்கள். கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். சிலருக்கு முகம் கோணிய பிறகுதான் இவை கிளம்பும்.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

"ஏழு வயசுல. எங்கம்மா மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாங்க."

அம்மை இறங்கிவிட்டது என்று தண்ணீர் ஊற்றி அனுப்பிவிடுகிறோம். சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் குடியிருந்துவிடும். பல வருடம் கழித்து முதுகிலோ இடுப்பிலோ கிளம்பினால் அக்கி. முக நரம்பின் முடிச்சில் விழித்துக்கொண்டால் காதில் கொப்புளம், முகத்தில் வாதம். 1907-இல் இதை விவரித்த அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராம்சே ஹன்ட்டின் பெயரே நோய்க்கும் நிலைத்தது. பெல்ஸ் பால்சியைவிடப் பிடிவாதம் கூடியது. வீக்கத்துக்கான ஸ்டீராய்டு மாத்திரை அவர் பையில் இருந்தது, வைரஸுக்கானது இல்லை. முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்லது. அன்று நாலாவது நாள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.

"அக்கின்னா ஊர்ல குயவர்கிட்டப் போய்க் காவியில எழுதிக்குவோம்."

"எழுதிக்கலாம்ணே. மொதல்ல மருந்து."

அடுத்த வாரம் அவருக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. சின்ன டப்பாவிலிருந்து, நாதஸ்வரத்தின் நுனியில் செருகி ஊதும் சீவாளியை எடுத்து வாயில் நனைத்து ஊதினார். இடது உதட்டோரம் புஸ்ஸென்று காற்று, கூடவே எச்சில். தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருடம் வாசித்த வாய்.

ஊதவே கூடாது என்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இப்படிப்பட்டவர்களைப் பலூன் ஊதச் சொன்னவள். முக்கி முனகி ஊதும்போது நல்ல பக்கம்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறது என்று பின்னால்தான் கற்றேன். கண்ணாடி முன் உட்கார்ந்து, மெதுவாக, துளித்துளியாக அசைக்கப் பழக வேண்டும். அவருக்கு அது பயிற்சியாகவே தெரியவில்லை. "இதுக்கா பஸ் ஏறி வரேன்?" என்றார். இரவில் மூடாத கண்ணுக்கு மருந்து போட்டு டேப் ஒட்டுவதை மட்டும் ஒழுங்காகச் செய்தார். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறார் என்று அறையில் இருந்த பையன்கள் பயந்துவிட்டார்களாம்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில், கூட்டத்துக்கு நடுவில் அவரைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டு ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் வாசித்தான். அவன் சறுக்கிய இடங்களில் இவருடைய வலது புருவம் மட்டும் ஏறி இறங்கியது. நான் கூப்பிடவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் வாத்தியத்தோடேயே வந்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். உதடு சீவாளியைக் கவ்வியது. காற்று கசியவில்லை. ஒரே ஒரு நீண்ட ஸ்வரம். அடுத்த அறையில் யாரோ எக்சர்சைஸ் சைக்கிளை நிறுத்தினார்கள். ஊதும்போதெல்லாம் இடது கண் தானாகப் பாதி மூடிக்கொண்டது. திரும்ப வளரும் நரம்பிழைகளில் சில வீடு மாறிப் போய்ச் சேர்ந்துவிடும். உதட்டுக்குப் போக வேண்டியது கண்ணிமைக்குப் போயிருந்தது. அதையும் பழக்கிக் குறைக்கலாம், முழுக்கப் போகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"வாசிக்கறப்ப கண்ணடிக்கிறேன்னு நினைப்பாங்களே தங்கச்சி?"

"முன்னாடி யாரு நிக்கறாங்கங்கறதப் பொறுத்ததுண்ணே."

சிரித்தார். சிரிப்பு இன்னும் கொஞ்சம் வலப்பக்கமே சாய்ந்தது. சீவாளியைத் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வர முடியாது என்றார். கோவிலில் கச்சேரி இருக்கிறதாம்.