கரைதலும் உருகுதலும்: நான்காம் வகுப்பு அறிவியல் பாடக் குறிப்புகள்

ஜூலை 8, 2025, செவ்வாய்

பேச்சுத் தமிழில் ஐஸும் கரையும், சர்க்கரையும் கரையும். வெறும் விளக்கம் சொல்லி 'உருகுதல்' என்று எழுதிப்போட்டால், மறுநாளும் "ஐஸ் கரைஞ்சு போச்சு" என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அதனால் முதலில் சோதனை, பிறகே சொல். காலித் தட்டில் ஓர் ஐஸ் கட்டி; கண்ணாடித் தம்ளரில் 100 மி.லி. தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. ஐஸைத் தண்ணீரில் போடவே கூடாது, அதுவும் கரைவதுபோலத் தெரியும். கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பொருள் வேண்டியிருந்தது?" தட்டில் ஒரே பொருள், சூடு பட்டால் போதும். தம்ளரில் இரண்டு. பிள்ளைகள் வாயிலிருந்து இது வந்த பிறகு இரு சொற்களும் பலகைக்கு வந்தன. வெண்ணெய் உருகுவது வீட்டிலேயே கேட்ட சொல், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஜூலை 9, புதன்

தூளுப்பே நல்லது. கல்லுப்பு கரைய நேரமாகும். அதற்குள் "கரையாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடியில் தங்கும் மண்ணையும் உப்பு என்பார்கள்.

மஞ்சள்தூள் போட்டதும் நீர் நிறம் மாறியது, எல்லோரும் "கரைஞ்சிருச்சு" என்றார்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டியதும் தூள் துணியில் நின்றது. உப்புநீரை வடிகட்டினால் ஒன்றும் நிற்காது.

"உப்பு காணாமப் போச்சு" என்ற பேச்சை அப்படியே விடக் கூடாது. 100 கிராம் தண்ணீரில் 5 கிராம் உப்பு கரைத்து நிறுத்தால் 105 கிராம். கறுப்புத் தட்டில் கொஞ்சம் உப்புநீரை வெயிலில் காயவைத்தால் வெள்ளைப் படிகம் மிஞ்சும்.

ஜூலை 11, வெள்ளி

கரையும் உப்பு கரைபொருள், அதைக் கரைக்கும் தண்ணீர் கரைப்பான், இரண்டும் சேர்ந்த உப்புநீர் கரைசல். மூன்றையும் மனப்பாடம் செய்யச் சொல்வது வீண்வேலை. அழிப்பது அழிப்பான், துடைப்பது துடைப்பான், அப்படியானால் கரைப்பது? வகுப்பே சொல்லிவிடும். விளைந்து வருவது விளைச்சல், கரைந்து வருவது கரைசல். தமிழ் கலைச்சொல்லின் பலமே இதுதான், சொல்லுக்குள்ளேயே பொருள் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

சொந்த வாக்கியம் எழுதச் சொன்னால் "காகம் கரைகிறது" வரும். அது தவறல்ல, வேறு பொருள். "சட்டையில் கரை" என்பது எழுத்துப் பிழை, அங்கே 'கறை'.

சிக்கலானது "மாவு கரைத்தல்". கரைத்த அரிசி மாவை அசைக்காமல் வைத்தால் அடியில் படியும். அறிவியல் கணக்கில் அது கரையவில்லை. சமையலறைச் சொல்லைத் தப்பு என்று சொல்லாமல், "சமையலில் இப்படி, சோதனையில் இப்படி" என்று இரு பத்தியாக எழுதவைக்க வேண்டும். புளியும் அதில் சேரும்: புளிப்பு நீரில் இறங்கிவிடும், சக்கை கையில் நிற்கும்.