ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கேள்வி

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிய பிறகுதான் பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். கல்வித் தொலைக்காட்சியில் எந்தப் பாடம் எத்தனை மணிக்கு, புத்தகத்தில் இருக்கிற கியூஆர் கோடை எப்படி ஸ்கேன் செய்வது, அன்றைய வீட்டுப்பாடம் என்ன என்று காலையிலேயே நீளமாக எழுதிப் போடுவேன். பாதிப் பேர் திறந்தே பார்க்க மாட்டார்கள். அக்கறை இல்லாதவர்கள் என்று நினைத்தேன், அது எவ்வளவு தப்பு என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அதுவும் அப்பாவின் சட்டைப்பையோடு வேலைக்குப் போய்விடும். அம்மா நடவுக்கோ களையெடுக்கவோ விடிகாலையில் கிளம்பிவிடுவார். போன் பிள்ளையின் கைக்கு வரும்போது ராத்திரி எட்டு மணி. நாளெல்லாம் சேற்றில் குனிந்து நின்று வந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருவர் என் நீளமான செய்தியை என்னதான் செய்வார்?

ஒரு தடவை வீட்டுப்பாடம் அனுப்பாதவர்களின் பெயர்களைக் குழுவிலேயே போட்டுவிட்டேன். அன்றைக்கே ஓர் அம்மா விலகிவிட்டார். பிறகு ரேஷன் கடை வாசலில் பார்த்தபோது, "எல்லாரும் பாக்குற எடத்துல எம்புள்ள பேரைப் போட்டுட்டீங்களே டீச்சர்" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அது இன்னும் மனசில் கிடக்கிறது.

அப்புறம்தான் மாற்றினேன். எழுத்தை விட்டுவிட்டு ஒரு நிமிடக் குரல் பதிவு, அதுவும் எட்டு மணிக்கு மேல். வீடியோ வேண்டாம், டேட்டா தீர்ந்துவிடும். 'இதைச் செய்யுங்கள்' என்று சொல்வதை நிறுத்தி, ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். போன் இல்லாத பிள்ளைகள், 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எங்கள் தெருவுக்குத் தன்னார்வலராக இருந்த அக்காவின் போனில் பேசி அனுப்பினார்கள்.

பள்ளி திறந்த பிறகு ஒரு ஜூன் மாதம், பரப்பளவு பாடம். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஊரே குறுவை நெல் சாகுபடிப் பேச்சாக இருந்த நேரம். "உங்க வீட்ல நிலத்தை எப்படிக் கணக்கு பண்ணுவாங்க? தாத்தா பாட்டியையே பேசச் சொல்லி அனுப்புங்க" என்றேன். மறுநாள் வகுப்பில் ஒரு தாத்தாவின் குரலைப் போட்டேன்: "நூறு குழி ஒரு மா, இருவது மா ஒரு வேலி. குழின்னா பன்னண்டடிக்குப் பன்னண்டடி." பிள்ளைகள் நோட்டை எடுத்துவிட்டார்கள். குழி 144 சதுர அடி, மா 14,400. மூணு மா ஒரு ஏக்கர் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், பெருக்கிப் பார்த்தால் 43,200தான் வருகிறது. ஏக்கருக்கு 43,560 வேண்டுமே, மீதி 360 எங்கே என்று ஒரு பையன் கேட்க, "வரப்புக்குப் போயிருக்கும் டீச்சர்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். பெருக்கலை இவ்வளவு ஆசையாக அவர்கள் போட்டு நான் பார்த்ததில்லை.

விலகிய அந்த அம்மா குழுவுக்குத் திரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த வாரம் தனியாக என் எண்ணுக்கு ஒரு பதிவு வந்தது, நாற்று முடிகளை, அதாவது நாற்றுக் கட்டுகளை, எப்படி எண்ணி வயலில் விளம்புவார்கள் என்று இரண்டு நிமிடம் பேசியிருந்தார். வகுப்பில் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க டீச்சர், எம்பேரையும் சொல்லிப் போடுங்க" என்றார்.