ஆசியாவிலிருந்து வந்து ஆசியாவைப் படித்த கதை

கான்பெர்ராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆசியவியல் இளங்கலைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஆசியாவிலேர்ந்து இவ்வளவு தூரம் வந்தது ஆசியாவையே படிக்கவா?" என்றார். கோபமெல்லாம் இல்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. பதில் எனக்கும் தெரியாது. மயிலாடுதுறையிலிருந்து சிட்னிக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போய், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழையும் ஒரு பாடமாக எழுதியவள். கணக்கு சுமார். வரலாறு பிடிக்கும், மொழி பிடிக்கும். வேறு காரணம் இல்லை. "முடிச்சிட்டு சட்டம் படி" என்று அப்பா விட்டுவிட்டார்.

படிப்பின் கணக்கு எளிது. மூன்று வருடம், 144 யூனிட். ஒரு பாடம் 6 யூனிட் என்பதால் மொத்தம் 24 பாடங்கள், செமஸ்டருக்கு நான்கு. ஓர் ஆசிய மொழி கட்டாயம். மொழியைச் சுற்றி வரலாறு, அரசியல், மானுடவியல், மதம், கலை என்று நாமே கோத்துக்கொள்ள வேண்டும். கோப்பதுதான் கஷ்டம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

மொழியாக இந்தோனேசியனை எடுத்தேன். எழுத்து புதிதாகக் கற்க வேண்டாம், சுலபம் என்றார்கள். பாதிதான் உண்மை. 'ஆஜார்' என்று ஒரு வேர்ச்சொல். முன்னால் ஒன்றை ஒட்டினால் 'பெலாஜார்', கற்றுக்கொள்வது. இன்னொன்றை ஒட்டினால் 'மெங்ஆஜார்', கற்பிப்பது. 'பெலாஜாரான்' என்றால் பாடம், 'பெங்ஆஜார்' என்றால் ஆசிரியர். ஒட்டை உரித்து வேரைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் அகராதியைக் கூடப் புரட்ட முடியாது.

ஆனால் மூன்றாவது வாரம் ஒரு சந்தோஷம் வந்தது. 'கித்தா', 'காமி' என்ற இரண்டு சொற்களையும் பலகையில் எழுதி, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், ஆனால் ஒன்றில் கேட்பவரும் சேர்த்தி, மற்றதில் கேட்பவர் கிடையாது என்று ஆசிரியை அரை மணி நேரம் விளக்கினார். வகுப்பே திணறியது. எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. நாம், நாங்கள். தீர்ந்தது. அண்ணன் அக்காவுக்கு ஒரு சொல், தம்பி தங்கைக்கு ஒரு சொல் என்று அடுத்த பாடம் வந்தபோது கொஞ்சம் திமிரே வந்துவிட்டது. கப்பலுக்கு 'காப்பால்', பெட்டிக்கு 'பெத்தி', கடைக்கு 'கெடாய்'. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டியலே ஓடியது.

அந்தத் திமிரோடுதான் முதல் வரலாற்றுக் கட்டுரையை எழுதினேன். தலைப்பு தென்கிழக்காசியக் கடல் வணிகம். விடுவேனா? 1025இல் ராஜேந்திர சோழன் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசின் மேல் படையெடுத்ததை, கடாரம் கொண்டான் என்ற பட்டத்தோடு, மேடைப் பேச்சுப் போல மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். நூற்றுக்கு 54 வந்தது. ஐம்பதுக்குக் கீழே போனால் ஃபெயில். ஓரத்தில் பென்சிலில் ஒரே கேள்வி: "இதைச் சொல்வது யார்?" நான் ஆதாரமாகக் காட்டியது ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி. ஜெயித்தவன் தன்னைப் பற்றித் தானே வெட்டிக்கொண்ட கல்வெட்டு. தோற்ற பக்கம் என்ன சொன்னது, வணிகர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. சுமத்ராவின் பாருஸ் பக்கத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. தமிழ் படிக்கத் தெரிந்த நான் அதைத் தேடவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மெல்பர்னிலிருந்து வந்த பையன் அதைப் பற்றி எழுதியிருந்தான்.

பல துறைப் படிப்பு என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம், பஃபே மாதிரி, என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வரலாற்று வகுப்பில் 'எந்தச் சான்று?' என்பார்கள். மானுடவியலில் அதே சான்றைக் கொண்டுபோனால் 'அங்கே இருக்கிற ஆட்களிடம் பேசினாயா?' என்பார்கள். அரசியல் வகுப்பில் 'யாருக்கு லாபம்?' திங்கட்கிழமை கற்றதை வியாழக்கிழமை மறந்தால்தான் பிழைக்க முடியும் போல இருந்தது. நான்கு வகுப்பிலும் நான் கற்றுக்குட்டி. ஒரே துறை படித்த தோழிகள் இரண்டாம் ஆண்டிலேயே அந்தத் துறை ஆட்களைப் போலப் பேச ஆரம்பித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது.

இன்னொரு பள்ளம், நானே தோண்டியது. 144 யூனிட்டில் முதல் நிலைப் பாடங்கள் 60 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. அதாவது பத்துப் பாடம். விதிப் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. நான் படிக்கவில்லை. முதல் ஆண்டு எட்டும் முதல் நிலை. இரண்டாம் ஆண்டு ஆசைப்பட்டு ஆரம்ப சமஸ்கிருதமும் ஓர் அரசியல் அறிமுகமும். அதோடு பத்து முடிந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்லாந்து மொழி தொடங்கலாம் என்று போனால் கதவு சாத்தியிருந்தது. இந்தப் படிப்புக்கு வருகிற யாராவது இதைப் படித்தால், முதல் வாரமே 24 கட்டம் போட்ட ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். பென்சிலில்.

நடுவில் ஒரு செமஸ்டர் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், காஜா மாடா பல்கலைக்கழகத்தில். 'கோஸ்' என்று மாத வாடகைக்கு விடுகிற அறை. வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் 'இபு' என்றே கூப்பிட்டோம். முதல் நாள் காலையில் அவர் என்னைப் பார்த்து "சூடா மாக்கான்?" என்றார். சூடாக ஏதோ தருகிறார் போல என்று தலையாட்டிவிட்டேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். 'சூடா' என்றால் ஆச்சு. ஆச்சு என்று நான் தலையாட்டியதால் அன்று காலை பட்டினி. மறுநாள் முதல் "பெலும்" என்று சொல்லப் பழகினேன், இன்னும் இல்லை என்று. கல்யாணம் ஆச்சா என்று கேட்டாலும் அதே பதில்தான். இல்லை என்று வெட்டிச் சொன்னால் அங்கே நன்றாக இருக்காது. இதெல்லாம் எனக்குப் புதிதா என்ன? அந்த ஊர் 'குடெக்' மட்டும் கடைசி வரை ஒத்துவரவில்லை. பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து அதில் போய் வெல்லத்தைப் போடுகிறார்கள்.

கோஸில் பக்கத்து அறைப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் பிரம்பனானுக்குக் கூட்டிப்போனாள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில், நடுவில் சிவனுக்கு 47 மீட்டர் உயர விமானம். தெற்கு அறையில் தாடியும் தொந்தியுமாக ஒருவர் நிற்கிறார். அகத்தியர்! பொதிகை மலையில் இருக்க வேண்டியவர். அவளிடம் அவரைப் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வடக்கு அறைக்கு இழுத்துப்போனாள். அங்கே மகிஷன் மேல் நிற்கும் துர்க்கை. "இவள் ரோரோ ஜொங்ராங்" என்றாள். பிடிக்காதவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டச் சொன்ன இளவரசி. கடைசிக் கோயிலுக்கு முன் அவள் சூழ்ச்சி செய்தது தெரிந்து அவன் அவளையே கல்லாக்கிவிட்டான். துர்க்கை என்று திருத்த வாயெடுத்தேன். அந்த 54 மார்க் கட்டுரையின் ஓரத்துப் பென்சில் கேள்வி ஞாபகம் வந்தது. பேசாமல் கேட்டுக்கொண்டேன். வருகிற வழியில், கடாரத்துப் படையெடுப்பு தெரியுமா என்று கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லை என்றாள்.

தாய்லாந்து மொழிக் கதவு சாத்தியதால் மூன்றாம் ஆண்டில் அருங்காட்சியகமும் மரபுச் செல்வமும் பற்றிய ஒரு மேல்நிலைப் பாடத்தில் ஒதுங்கினேன். அதற்கு எடுத்துக்கொண்டது ஸ்ரீபுரந்தான் நடராசர். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடுபோன செப்புத் திருமேனி. 2008இல் கான்பெர்ராவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அது கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டுப் புகைப்படம் சாட்சியானது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கே கொண்டுபோய் ஒப்படைத்தார். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், ஆஸ்திரேலியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம், யுனெஸ்கோ ஒப்பந்தம் என்று நாற்பது பக்கம் குறிப்பு எடுத்தாயிற்று. கட்டுரை மட்டும் நகரவில்லை.

ஒரு ராத்திரி ஃபோனில் அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, இப்ப அந்த சாமிக்கு அபிஷேகம் நடக்குதா?" என்றாள்.

தேடிப் பார்த்தேன். சாமி கோயிலுக்குப் போகவில்லை. கும்பகோணத்தில் சிலைகள் பாதுகாப்பு மையத்துக்குப் போயிருந்தார். நாடு திரும்புவதும் வீடு திரும்புவதும் ஒன்றா என்ற கேள்விக்கு அங்கிருந்துதான் வந்தேன். சட்டப் பக்கங்கள் பாதியாகச் சுருங்கின, பூசையைப் பற்றி ஒரு பகுதி சேர்ந்தது, அந்தப் புகைப்படம் நடுவில் வந்து உட்கார்ந்தது. நான்கு வகுப்பில் கற்றதையும் முதல் தடவையாக ஒரே கட்டுரையில் எழுதினேன். 78 வந்தது. பெரிய மார்க் இல்லை, ஆனால் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிற ஒரே கட்டுரை அது.

சட்டம் படிக்கவில்லை. அப்பா இரண்டு வருடம் கேட்டுவிட்டு ஓய்ந்துவிட்டார்.

அம்மா அந்தக் கட்டுரையைத் தமிழில் கேட்டாள். அவளுடைய கேள்விதானே அது. ஒரு நீண்ட வார இறுதியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். இரண்டாம் பத்தியிலேயே சிக்கிக்கொண்டேன். ஒரு பொருள் எங்கே பிறந்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது. அகராதி 'மூலம்' என்றது, 'தோற்றுவாய்' என்றது. எதுவும் பொருந்தவில்லை.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அதான் பூர்வோத்தரம். அப்படியே போடு" என்றாள்.