எடைச் சீட்டில் ஒரு கட்டம்

நீலகிரியில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பச்சை இலை எடை எடுக்கும் வேலை பார்த்தேன், பிறகு கணக்குப் பிரிவு. நடுவில் சில வருடம் தனியார் ஃபேக்டரியிலும் இருந்தேன். கூட்டுறவில் இருப்பவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. தப்பு செய்தால் அங்கே பதில் சொல்லியாக வேண்டும், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மழைக்காலத்தில் இலையில் ஈரம் ஒட்டியிருக்கும். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை பிடிக்கும் தொழிலில், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தால் கட்டாது. அதனால் எடையில் கொஞ்சம் கழிப்பார்கள், அது நியாயம்தான். தனியாரில் அந்தக் கழிவு எவ்வளவு என்பது முதலாளியின் வாய்ச்சொல். "இன்னைக்குப் பத்து போடு" என்று காலையில் போன் வரும். வெயில் அடித்தாலும் பத்துதான். ஏன் என்று கேட்ட விவசாயிக்கு, "வேற இடம் பாத்துக்கோ" என்பதே பதில்.

கூட்டுறவிலும் கழிவு போட்டோம், சில நாள் கூடுதலாகவே. அங்கத்தினர்களான விவசாயிகள் கூடும் ஒரு பொதுக்குழுவில், அரை ஏக்கர் வைத்திருக்கும் ஓர் அம்மா எழுந்தார். கையில் எடைச் சீட்டுகள் கொத்தாக இருந்தன. "பனி அடிக்கிற மாசம், மத்தியானம் எடுத்த இலை. இதுல எங்க தம்பி தண்ணி?" மேடையில் இருந்த அதிகாரி சமாளிக்கப் பார்த்தார், அம்மா உட்காரவில்லை. கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறின. அதற்குப் பிறகு சீட்டில் கழிவுக்குத் தனிக் கட்டம் வந்தது. பெரிய தோட்டக்காரருக்கும் ஒரு ஓட்டு, அந்த அம்மாவுக்கும் ஒரு ஓட்டு. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கூட்டுறவுக் கடை தொடங்கியவர்கள் பிடித்த விதி அது. எங்கள் ஊரில் அது வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன்.

நிலைத்து நிற்பது வேறு விஷயம். 1962-ல் நீலகிரியின் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவுத் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பாக 1965-ல் வந்த இன்ட்கோசர்வின் கீழ் இப்போது 16 தொழிற்சாலைகள். 1990-களின் கடைசியில் தேயிலை விலை சரிந்து மலையே தவித்த காலத்தையும் தாண்டி வந்தவை இவை. ஆனால் தனியார் ஃபேக்டரிக்கு இலை வாங்கும் ஏஜெண்ட் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் அங்கத்தினரே இலையை அவரிடம் போட்டுவிடுகிறார். இலை குறைந்தால் மிஷின் பாதி ஓடும், கரண்டும் சம்பளமும் குறையாது. அடுத்த மாதம் நம் விலை இன்னும் இறங்கும், இன்னும் நாலு பேர் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் மாதத்தில் ஒரு ரூபாய் பெரிய காசு. தேர்தலே நடக்காமல் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கையில் வருடக்கணக்கில் ஓடும் சங்கங்களும் தமிழ்நாட்டில் உண்டு. அங்கே உறுப்பினருக்கு, முதலாளி என்பது பெயரளவில்தான்.

என்னை உறுத்துவது இன்னொன்று. இலை கொடுப்பவருக்கு ஓட்டு உண்டு, ராத்திரி முழுக்க வாட்டும் தொட்டியில் இலையைக் கிளறிவிடுபவருக்கு இல்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து கொழுந்து பறிப்பவருக்கும் இல்லை. அவருடைய கூலியை முடிவு செய்வது, முதலாளியிடம் நியாயம் கேட்ட அதே சிறு விவசாயிதான். எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் தேயிலை இருப்பதால் நானும் அங்கத்தினன். நிர்வாகக் குழுவில் தொழிலாளிக்கு ஓர் இடம் வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்டேன். சட்டத்தில் வழியில்லை என்றார்கள். அதை எழுத்தில் கொடுங்கள் என்று மனு போட்டிருக்கிறேன்.