காதுக்குத்து

சென்னை வளசரவாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. 2023 நவம்பரில் ஒரு மாலை மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய், "பிள்ளைக்குக் காதுக்குத்து, மருந்து தாருங்கள்" என்று கேட்டேன். கடையில் இருந்த தம்பி முகம் மலர்ந்து, "காது குத்துவதற்கு மருந்து எதற்கு அக்கா? நகைக்கடையிலேயே குத்திவிடுவார்களே" என்றார். யாழ்ப்பாணத்தில் காதுக்குத்து என்றால் காது வலி. வயிற்றுக்குத்து, நெஞ்சுக்குத்து போல அதுவும் ஒரு நோவு. சென்னையில் அது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மொட்டையடித்து, ஊருக்குச் சோறு போடுகிற விழா. நான் சொல் தேடி நின்ற அந்த அரை நிமிடம் முழுவதும் மகள் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் இடுப்பில் சாய்ந்திருந்தாள். கன்னத்தில் ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. அது கண்ணீர் இல்லை.

நாங்கள் அந்த ஆண்டு ஜனவரியில்தான் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து விமானம் ஏறி வந்தோம். 2022இல் இலங்கை இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததும் யோசிக்காமல் கிளம்பினோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம்தான். சென்னையில் இறங்கும்போது விமானத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என் மகள் வலது காதை மட்டும் பிடித்துக்கொண்டாள். "மற்றக் காது?" என்று கேட்டேன். "அதிலே ஒன்றும் இல்லை அம்மா" என்றாள். நல்லது என்று நினைத்து விட்டுவிட்டேன். பிற்பாடு இந்தப் பதிலை எத்தனையோ இரவு நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மொழி தெரிந்த ஊருக்குப் போகிறோம், சிரமம் இருக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் தெரிந்த மொழிதான் அதிகம் ஏமாற்றுகிறது. உள்ளி இங்கே பூண்டு. தடிமன் இங்கே சளி. குளிசை இங்கே மாத்திரை. எங்கள் ஊரில் கதைப்போம். பேசுவது என்றால் திட்டுவது. ஜூனில் மகள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு மாதம் கழித்து ஆசிரியை என்னை அழைத்து, "எத்தனை முறை பேசினாலும் உங்கள் பெண் திரும்பிப் பார்ப்பதில்லை" என்றார். பிள்ளையை இவ்வளவு பேசினீர்களா என்று எனக்கு நெஞ்சு பதறியது. அவர் சொன்ன பொருள் விளங்கவே சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் இருவருமே ஒரே முடிவுக்கு வந்தோம்: தமிழ் வேறு மாதிரி இருக்கிறது, பிள்ளைக்குப் பிடிபடவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்.

அந்த முடிவு நான்கு மாதத்தைத் தின்றுவிட்டது.

வீட்டிலும் அறிகுறிகள் இருந்தன. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவாள். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் வலது பக்கம் திரும்புவாள். அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது எப்போதும் வலது காதுதான். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், ஊர் நினைப்பு. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இது வந்துவிடுகிறது. பிள்ளை சாப்பிடாவிட்டால் ஊர் மாறியதால். தூங்காவிட்டால் ஊர் மாறியதால். உடம்பில் இருந்த ஓட்டை என் கண்ணில் படவில்லை.

மருந்துக் கடைத் தம்பி ஒரு நல்ல காரியம் செய்தார். சொட்டு மருந்து கேட்ட எனக்குத் தராமல், சீழ் வடிகிற காதில் தெரியாமல் எதையும் விடக் கூடாது என்று சொல்லி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். சிலவகைச் சொட்டு மருந்துகள் ஓட்டை வழியாக உள்ளே போனால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும் என்று அப்புறம் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்கு முந்தைய வாரம் நான் உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைப் பஞ்சில் தோய்த்துப் பிழிந்துவிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் அதையேதான் சொல்லியிருந்தார். கடலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரே வைத்தியம், ஒரே தவறு.

மருத்துவர் எங்களைவிட வயதில் மூத்த பெண்மணி. மகளிடம் முதலில் பெயர் கேட்டார், பிறகுதான் காதைத் தொட்டார். சீழை உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, பென்சில் அளவுகூட இல்லாத ஒரு குழாயைக் காதுக்குள் வைத்துச் சுவரிலிருந்த திரையைப் பார்க்கச் சொன்னார். முதலில் வலது காது. முத்துச்சிப்பியின் உட்புறம்போலச் சாம்பல் நிறத்தில், விளக்கு வெளிச்சம் பட்டு மின்னுகிற ஒரு சவ்வு. அதுதான் செவிப்பறை. ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லை, தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றார். பிறகு இடது காது. அந்தச் சவ்வின் நடுவே அவரைவிதை வடிவில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் இளஞ்சிவப்பாக, ஈரமாக, நான் பார்க்கவே கூடாத ஏதோ ஒன்று. மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என்னுடையதா?" என்று கேட்டாள்.

அதிர்வுக் கவை ஒன்றைத் தட்டி காதுக்கு முன்னாலும், பின்பக்க எலும்பிலும் மாறி மாறி வைத்து எது பலமாகக் கேட்கிறது என்று கேட்டார். இடது பக்கம் எலும்பில்தான் பலம் என்றாள். நரம்பு நன்றாக இருக்கிறது, சத்தம் போகும் வழிதான் பழுது என்பதற்கு அது அடையாளமாம். சத்தம் புகாத அறையில் செய்த கேட்கும் திறன் பரிசோதனையும் அதையே சொன்னது. சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். வலது காது 15 டெசிபலில் கேட்டது. இடது காதுக்கு 40 வேண்டியிருந்தது. குசுகுசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல் இருக்கும். அமைதியான அறையில் ஒரு காதை வைத்துச் சமாளித்துவிடலாம், இரைச்சலில் முடியாது என்றார். மறுநாள் பள்ளிக்குப் போய் அவள் இருக்கையைப் பார்த்தேன். வலது ஓரம், சன்னலோரம். நல்ல காதுக்கு ஆற்காடு சாலையும் அதில் அப்போது நடந்த மெட்ரோ வேலையும். ஓட்டைக் காதுக்கு ஆசிரியை.

ஏன் வந்தது என்று கேட்டேன். காதின் நடுப்பகுதியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் குழல் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் இருக்கும். தடிமன் பிடித்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும், உள்ளே சீழ் கட்டி அழுத்திச் சவ்வைக் கிழித்துவிடும். பெரும்பாலான கிழிசல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். திரும்பத் திரும்ப வந்தால் சில மூடுவதில்லை. மகளுக்கு நான்கு வயதிலும் ஐந்து வயதிலும் காதில் சிதள், அதாவது சீழ், வந்து மருந்தில் காய்ந்தது நினைவுக்கு வந்தது. காய்ந்தால் ஆறிவிட்டது என்று நம்பினோம். விமானத்தில் இடது காது ஏன் வலிக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஓட்டை வழியாகக் காற்று போய்வர, இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்திருக்கிறது.

ஓட்டையை மூடச் சத்திரசிகிச்சை, இங்கத்தைய சொல்லில் அறுவை சிகிச்சை, என்றதும் நாளையே செய்யுங்கள் என்றேன். அவர் அவசரப்படவில்லை. ஏழெட்டு வயதுக்கு முன் செய்தால் குழலின் வளர்ச்சி போதாமல் மறுபடி கிழியலாம் என்று காத்திருக்கும் மருத்துவர்கள் உண்டு, முன்னதாகவே செய்பவர்களும் உண்டு. மகளுக்கு எட்டு முடிந்திருந்தது, மற்றக் காது நன்றாக இருந்தது, இரண்டும் சாதகம். மூக்கின் பின்னால் உள்ள சதையும் பெரிதாக வளரவில்லை. ஆனால் காது சில மாதமாவது காய்ந்திருக்க வேண்டும், தண்ணீர் படவே கூடாது என்றார்.

தண்ணீர் படக் கூடாது என்று அவர் சொன்ன சில நாளில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னை மூழ்கியதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தரைத்தளத்துக்கு முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. மின்சாரம் இல்லை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறும்போது மழை அவள் தலையில் கொட்டியது. நான் அவள் காதை என் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். போதவில்லை. நான்காம் நாள் மறுபடி வடிந்தது. மாடி வீட்டு அம்மா எங்களை ஆறு நாள் வைத்திருந்து சோறு போட்டார். நாங்கள் யார், எந்த ஊர் என்று அதுவரை அவர் கேட்டதில்லை, அப்போதும் கேட்கவில்லை. சென்னை எனக்கு ஊரானது அந்த ஆறு நாளில்தான் என்று தோன்றுகிறது.

நாட்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம். குளிக்கும்போது காதில் வாசலின் களிம்பு தடவிய பஞ்சு. தலைக்கு ஊற்றுவதென்றால் நான்தான், காதை ஒரு கையால் மடித்துப் பிடித்தபடி. பொங்கல், மாசி, பங்குனி எல்லாம் காய்ந்த காதோடு கடந்தன. இந்தச் சத்திரசிகிச்சை சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையிலும் நடக்கிறது. நாங்கள் கணவரின் வேலைக் காப்பீடு இருந்ததால் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ஒப்புதல் படிவத்தோடு பாஸ்போர்ட் நகலும் விசா நகலும் கேட்டார்கள். நோயாளி பெயருக்குக் கீழே வெளிநாட்டவர் என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை என் மகளுக்கு எதிரே பார்த்தது அன்றுதான் முதல்முறை.

2024 மே மாதம், கத்திரி வெயில் நாட்கள். முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை மழித்தபோது அழுதாள், ஊசிக்கு அழவில்லை. உள்ளே கொண்டுபோனார்கள். முழு மயக்கம், இரண்டு மணி நேரத்துக்கு மேல். என்ன செய்வார்கள் என்று மருத்துவர் முன்பே படம் வரைந்து காட்டியிருந்தார். காதுக்கு மேலே பொட்டில் உள்ள தசையை ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, உலர்த்தினால் காகிதம்போல விறைக்கும். ஓட்டையின் விளிம்பைப் புண்ணாக்கிவிட்டு, அந்தத் துண்டைச் சவ்வுக்கு அடியில் செருகி, கரையக்கூடிய பஞ்சை வைத்துத் தாங்குவார்கள். பழைய தோல் அதன்மேல் படர்ந்து வளர வேண்டும். அவள் உடம்பிலிருந்தே எடுத்து அவள் உடம்புக்கே வைக்கிற ஒட்டு. பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது பிடித்துக்கொள்ளும் என்றார். மிச்ச இரண்டு பேரைத்தான் நான் அந்த நடைகூடத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. வாந்தி எடுத்தாள், தலை சுற்றுகிறது என்றாள். இரண்டாம் நாள் இடியப்பமும் சொதியும் கொடுத்தேன். "சொதி காசு மாதிரி இருக்கிறது" என்று தள்ளிவிட்டாள். நாக்குச் சுவையைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பு ஒன்று செவிப்பறைக்குப் பின்னால்தான் ஓடுகிறதாம், தொட்டுவிட்டால் சில வாரம் அப்படி இருக்குமாம். மூன்று வாரத்தில் சரியாயிற்று.

எல்லாவற்றையும்விடக் கடினம் தும்மல். மூக்கைச் சிந்தக் கூடாது, வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளிருந்து ஒட்டைத் தள்ளிவிடும். நள்ளிரவில் அவள் தும்மினால் மூவரும் எழுந்து உட்காருவோம். "வாயைத் திறந்தாயா குஞ்சு?" என்று கணவர் கேட்பார். விமானமும் சில வாரங்களுக்குக் கூடாது என்றதால் ஜூனில் அம்மம்மாவைப் பார்க்கப் போகவிருந்த பயணத்தை நிறுத்தினோம். அம்மா தொலைபேசியில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது எனக்குக் கேட்டது.

ஆகஸ்டில் அதே திரையில் பார்த்தோம். ஓட்டை இருந்த இடத்தில் கொஞ்சம் தடித்த, வெளுத்த சவ்வு. மின்னவில்லை, ஆனால் மூடியிருந்தது. பரிசோதனையில் 20 டெசிபல். அன்றிரவு மகள் எழுந்து உட்கார்ந்து மின்விசிறி ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டாள். அது வந்த நாளிலிருந்தே கத்துகிறது. இத்தனை நாளும் நல்ல காதைத் தலையணையில் புதைத்துத் தூங்கியிருக்கிறாள். நான் அசதித் தூக்கம் என்று நினைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டார். மகள் தொலைபேசியை வாங்கி, சற்று யோசித்து, இடது காதில் வைத்தாள்.

"காதுக்குத்து மாறிவிட்டதா பிள்ளை?" என்று அம்மா கேட்டது எனக்கே கேட்டது.

"மாறிவிட்டது அம்மம்மா. ஆனால் இங்கே வந்தால் காது வலி என்று சொல்லுங்கள்" என்றாள். "காதுக்குத்து என்றால் உங்களுக்குத் தோடு போட்டுவிடுவார்கள்."