வறுத்தரைத்த கோழிக் குழம்பு

தேங்காய்த் துருவல் பொன்னிறத்தைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கைபேசி அலறியது. எடுக்கவில்லை.

கோழிக் குழம்புக்குத் தேங்காய் வறுப்பவரை அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது.

சிறுதீயில் கிண்டக் கிண்ட முதலில் ஈரம் போகும். பிறகு ஓரங்கள் சிவக்கும். எண்ணெய் வாசனை எழும். காப்பிக்கொட்டை நிறத்துக்குச் சற்று முன்பே தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்தாலும் இரும்புச் சட்டி வறுப்பதை நிறுத்தாது. கருகினால் குழம்பு முழுக்கக் கசப்புதான்.

மல்லி, மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் எல்லாம் அதோடு சேர்த்து அரைபடும். (தக்காளியை அள்ளிக் கொட்டுபவர்களோடு எனக்கு ஒத்துவராது.)

நான்கைந்து காய்ந்த மிளகாயையும் கிள்ளிப் போட்டேன். யோசித்தால், இந்தச் சட்டியில் அதுதான் புதுவரவு. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில் இங்கே கால்வைத்தது. மிளகோ, சங்க காலத்திலேயே யவனர் பொன்னைக் கொடுத்துக் கப்பலில் ஏற்றிப் போன சரக்கு. நேற்று வந்த மிளகாய் அதை ரசத்துக்கும் பொங்கலுக்கும் ஒதுக்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு மிளகாயே இல்லாமல் வெறும் மிளகில் வைக்கப் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.